அறுப்பதற்கு முன்னும் கழுவிய பின்னும்

2024 பிப்ரவரி 10 அன்று அமெரிக்காவின் லிங்கன் நகரில் உட்கார்ந்திருந்த அறுவைச் சிகிச்சை நிபுணர்கள், பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ரப்பர் பேண்டுகளை வெட்டினார்கள். அவர்களுக்காக அங்கே வெட்டிய ஸ்பேஸ்மீரா என்ற ரோபோவின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பளவுப் பெட்டிக்குள் அடங்கி அது சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு கை ரப்பரைப் பிடித்து இழுக்க, மறு கை கத்தரித்தது. கட்டளை மேலே போய்ப் படம் கீழே வர அரை முதல் முக்கால் விநாடி ஆனது. செய்திகளெல்லாம் அந்த முக்கால் விநாடியைப் பற்றியே எழுதின. நம் துறைக் கூட்டங்களிலும் அதே பேச்சுதான்.

தாமதம் சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை. 2001 செப்டம்பர் 7 அன்று அறுவை நிபுணர் ழாக் மாரெஸ்கோ நியூயார்க்கில் இருந்தபடி ரோபோ வழியாக ஸ்ட்ராஸ்பூர்கில் படுத்திருந்த நோயாளியின் பித்தப்பையை எடுத்தபோது தாமதம் சுமார் 155 மில்லி விநாடி. 330-ஐத் தாண்டினால் ஆபத்து என்பது அந்தக் குழுவின் கணக்கு. நிலவுக்குச் சமிக்ஞை போய்வரவே இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். ஆனால் ஒளியின் வேகத்தை நாம் யாரும் கூட்டப்போவதில்லை. நம்மால் மாற்ற முடியாததைப் பற்றி இந்த இதழுக்குக் கட்டுரைகள் குவிகின்றன. மாற்றக்கூடியதைப் பற்றி அபூர்வமாகத்தான் வருகின்றன. அதுதான் என் குறை.

ஸ்பேஸ்மீராவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தியவர்கள் அறுவை நிபுணர்கள் அல்ல, நிலையத்தில் இருந்த விண்வெளிக் குழுவினர். 2006 ஏப்ரலில் நடந்த நீமோ 9 என்ற கடலடிப் பயணத்திலும் இதே கதைதான். ஃபுளோரிடாவின் கீ லார்கோ அருகே கடலுக்கடியில் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அக்வேரியஸ் கூடத்தில், எம்7 ரோபோவைப் பகுதி பகுதியாக இணைத்து நிறுத்தியவர்கள் உள்ளே தங்கியிருந்த குழுவினர். கனடாவின் ஹாமில்டனிலிருந்து அறுவை நிபுணர் மெஹ்ரான் அன்வாரி அதை இயக்கினார். நிலவின் தொலைவை ஒத்திகை பார்க்கத் தாமதத்தை வேண்டுமென்றே மூன்று விநாடி வரை கூட்டினார்கள். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டரை மடங்கு. ஒரு திருகு தொலைந்துவிட்டால் உள்ளே இருப்பவர் மேலே போய் எடுத்துவர முடியாது. அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து வெளியே வர 17 மணி நேரம் பிடிக்கும். ரோபோ வடிவமைப்பில் 'உதிரி பாகம்' என்ற சொல்லுக்கு அங்கே முற்றிலும் வேறு பொருள். ஆனாலும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மூன்று விநாடியைத்தான் நினைவு வைத்திருக்கிறோம்.

சூழல் என்றாலே நாம் அறுவை நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தை நினைக்கிறோம். கருவிக்கு ஒரு நாளில் 24 மணி நேரம் உண்டு. அது பொட்டலத்தில் கிடக்கிறது, குலுங்குகிறது, யாரோ மாட்டுகிறார்கள், கழற்றுகிறார்கள், கழுவுகிறார்கள், வேகவைக்கிறார்கள். அதை முடக்குவது பெரும்பாலும் இந்த மிச்ச மணி நேரங்கள்தான்.

சில வாரங்களுக்கு முன் ஒதுக்கிப் போட்ட எட்டு மில்லிமீட்டர் கருவி ஒன்றை எங்கள் மேசையில் வைத்துப் பிரித்தோம். யாருடைய தயாரிப்பு, எந்தத் தியேட்டரிலிருந்து வந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். உள்ளே இருக்கும் பயன்பாட்டு எண்ணிக்கைப்படி அதை இன்னும் மூன்று தடவை பயன்படுத்தலாம். மணிக்கட்டைக் கழற்றி லென்ஸ் அடியில் பார்த்தால், டங்ஸ்டன் கேபிளின் இழைகளில் இரண்டு அறுந்து மயிர்போல நீட்டிக்கொண்டிருந்தன. கிணற்றுக் கயிறு எப்போதும் கப்பியில் வளையும் இடத்தில்தான் நையும், இதுவும் அப்படியே. கப்பியின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு பொருக்கு. ஊசி முனையால் சுரண்டியபோது பொடியாக உதிர்ந்தது. காய்ந்த ரத்தம், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் பலமுறை வெந்தது. கூட இருந்த இளம் பொறியாளர், "சார், இதைக் கழுவின அக்காவை ஒரு தடவையாவது நாம பார்த்திருக்கோமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆட்டோகிளேவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. அரை மீட்டர் நீளத்துக்கு எஃகுக் குழாய், அதற்குள் டங்ஸ்டன் கேபிள் என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பத்திலிருந்து 134 பாகைக்குப் போகும்போது எஃகு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நீளும். டங்ஸ்டன் கால் மில்லிமீட்டர்தான். மீதி முக்கால் மில்லிமீட்டரைக் கேபிள் தன் உடம்பில் தாங்க வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் அது இழுபட்டுத் தளரும். இப்போது எதிர்த்திசையில் பாருங்கள். அதே கருவி தென்துருவக் குளிர்காலத்தின் −60 பாகையில் கிடந்தால் குழாய்தான் அதிகம் சுருங்கும், கேபிளில் அரை மில்லிமீட்டர் தொய்வு விழும். ஐந்து மில்லிமீட்டர் கப்பியில் அரை மில்லிமீட்டர் என்றால் பத்துப் பாகைக்கு மேல் மணிக்கட்டு ஆடும். முன்கூட்டியே இறுக்கி வைத்திருந்தால் ஆட்டம் குறையும். ஆனால் அந்த இறுக்கமே ஆட்டோகிளேவில் கேபிளைக் கொல்லும். வேற்றுக் கிரகத்துக்குப் போகாமலேயே 190 பாகை வித்தியாசத்தை ஒரே கருவி பார்த்துவிடுகிறது. குழாயையும் கேபிளையும் ஒத்த விரிவுள்ள பொருள்களாகத் தேர்ந்தெடுப்பது பழைய வைத்தியம்தான். அதைச் செய்யாமல் மென்பொருளில் தொய்வை ஈடுகட்டும் கட்டுரைகள் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் மூட்டுகின்றன.

விண்ணில் கழுவுவது இன்னும் பெரிய தலைவலி. எடையற்ற நிலையில் ரத்தம் வழிவதில்லை. பரப்பு இழுவிசையால் காயத்தின் மேல் குமிழாக நிற்கும், அருகில் இடுக்கு கிடைத்தால் அதற்குள் ஊர்ந்து ஏறும். நம் மணிக்கட்டுகள் முழுக்க இடுக்குகள்தான். சொட்டவைக்கப் புவியீர்ப்பு இல்லை. திறந்த தொட்டியில் தண்ணீர் நிற்காது. தண்ணீரே சொட்டுச் சொட்டாக எண்ணிச் செலவழிக்கும் பொருள். ஒரு முறை பயன்படுத்தி எறியும் முனைகள் என்றால் ஒவ்வொரு கிராமையும் ராக்கெட்டில் ஏற்ற வேண்டும். மணிக்கட்டு முழுவதையும் மெல்லிய உறையால் மூடுவது எனக்கு நியாயமாகப் படுகிறது. உறை மடியும் இடத்தில் கிழியும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கிழியட்டும், கிழிந்தது கண்ணுக்குத் தெரியும். இடுக்கில் காய்ந்தது தெரியாது.

விண்வெளி நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு எம்.ஆர்.ஐ. அறையைக் காட்டுகிறேன். கால்கரியில் கார்னெட் சதர்லண்ட் குழு, விண்வெளியின் கனடாஆர்ம் கையோடு தொடர்புள்ள எம்.டி.ஏ. நிறுவனத்துடன் சேர்ந்து, அந்த அறையின் காந்தத்துக்கு நடுவே இயங்கும் நியூரோஆர்ம் என்ற அறுவை ரோபோவை உருவாக்கியது. 2008-இல் அது நோயாளிக்குப் பயன்பட்டது. காந்தம் சார்ந்த மோட்டாருக்குப் பதில் பீசோ மோட்டார், எஃகுக்குப் பதில் டைட்டானியம், பீக் பிளாஸ்டிக். அருமையான பொறியியல். ஆனால் அந்த வகைக் கருவியின் முனை நடுவில் தளர்ந்துவிட்டால் அதை முடுக்கப்போகும் ஸ்க்ரூ டிரைவர் எதனால் ஆனது, யார் சட்டைப் பையில் அது உள்ளே வரும்? கருவியைக் காந்தமில்லாமல் செய்துவிட்டு, பராமரிப்புப் பெட்டியைக் கடைத்தெருவில் வாங்கினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

அடுத்த இதழ் முதல், கருவி வடிவமைப்புக் கட்டுரைகளுடன் ஒரு பக்கப் படிவம் கேட்கப்போகிறோம். கருவியை மாட்டியவர் யார், அவருக்கு எத்தனை நிமிடப் பயிற்சி கொடுத்தீர்கள், கையுறையோடா வெறுங்கையோடா, எத்தனை முறை கழுவி வேகவைத்தீர்கள், அதற்கு முன்னும் பின்னும் கேபிள் இழுவிசை எவ்வளவு. வடிவமைத்த பொறியாளரே மாட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நாங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். 'பொருந்தாது' என்று குறிக்கும் கட்டம் மட்டும் படிவத்தில் வைக்கவில்லை.