வடக்கூரானின் மனதை யார் படிப்பது?

உத்திரமேரூரில் நாங்கள் 12 பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசுகிறோம். கல்லூரி மாணவர்கள், ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். போன மாதம் தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’. இந்த மாதம் பூமணியின் ‘வெக்கை’.

முதல் நாவலைப் பேசியபோது ரஸ்கோல்நிகோவின் காய்ச்சல், குற்றவுணர்வு, தனிமை என்று மனதைப் பற்றியே பேசினோம். ‘வெக்கை’ வந்ததும் பேச்சு தானாக மாறிவிட்டது. நிலத் தகராறு, பழிவாங்கல், ‘அசுரன்’ படம். 15 வயதுச் சிதம்பரத்தின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்த தோழர் ஒருவர்தான் கேட்டார்: “ரஷ்யாக்காரன் கொன்னா உளவியல், நம்ம பையன் கொன்னா சமூகப் பிரச்சினையா?”

நியாயமான கேள்வி. இரண்டு நாவலும் ஒரு கொலையைச் செய்தவனின் பின்னாலேயே போகின்றன. 1866-இல் வெளிவந்த நாவலில், மேலான மனிதர்கள் சட்டத்தைத் தாண்டலாம் என்ற ஒரு கோட்பாட்டைச் சோதிக்க ரஸ்கோல்நிகோவ் கொல்கிறான். 1982-இல் வந்த ‘வெக்கை’யில், அண்ணனைக் கொன்ற வடக்கூரானைச் சிதம்பரம் வெட்டுகிறான். கையைத்தான் வெட்ட நினைத்தான், உயிர் போய்விட்டது. அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். அவன் பயம் தத்துவமாகப் பேசுவதில்லை. அடுத்த வேளைச் சோறு எங்கே, அம்மா எப்படி இருக்கிறாள் என்றுதான் பேசுகிறது. அதுவும் மனம்தான். நாம் அதை மனம் என்று படிக்கப் பழகவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க எங்கள் ஊரே போதும். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. குடவோலை முறையை ஜனநாயகத்தின் முன்னோடி என்று பாடப் புத்தகம் முதல் பிரதமர் பேச்சு வரை கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்தக் குடத்துக்குள் யார் பெயர் போக முடிந்தது? வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. உழுதவன் பெயர் ஓலையில் ஏறவே இல்லை. ‘உளவியல் நாவல்’ என்ற குடத்துக்கும் இப்படி எழுதப்படாத தகுதிப் பட்டியல் ஒன்று இருக்கிறது.

இதைச் சொல்லும் எனக்கும் அதில் பங்கு உண்டு. முதல் 2 கூட்டங்கள் ஊர்த்தெருவில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தன. அம்மா எல்லோருக்கும் பேப்பர் கப்பில் டீ கொடுத்து அனுப்பினார். கழுவுகிற வேலை மிச்சம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். காலனியிலிருந்து வர வேண்டிய 3 பேர் இரண்டாவது கூட்டத்துக்கு வரவில்லை. கேட்டால், “வேலை இருந்துச்சு தோழர்” என்றார்கள். மூன்றாவது கூட்டத்தைக் காலனிக்கு மாற்றினோம். அங்கே ஒரு அக்கா வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: எங்கள் வீட்டில் வேறு யார் வந்தாலும் பேப்பர் கப் வெளியே வராது. இரட்டைக் குவளை ஒழியவில்லை. ஒருமுறை குடித்துவிட்டுத் தூக்கிப் போடும் குவளையாக மாறியிருக்கிறது. கூட்டம் இடம் மாறியதும் ஊர்த்தெருவிலிருந்து வந்துகொண்டிருந்த 2 பேர் நின்றுவிட்டார்கள். அவர்களும் வேலை என்றுதான் சொன்னார்கள்.

அம்மாவிடம் கேட்டேன். “நான் என்னடா தப்பா பண்ணேன்? டீ குடுக்காம அனுப்பிச்சனா?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தான் செய்வது அவருக்கே தெரியவில்லை. எனக்கும் 2 கூட்டம் முடியும் வரை தெரியவில்லை. சாதியை ஒரு மனநிலை என்று அம்பேத்கர் 1936-இலேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் சொல்லிவிட்டார். அப்படியென்றால் சாதியைப் பற்றிய ஒவ்வொரு நாவலும் உளவியல் நாவல்தான். அதில் நாம் ஆராய வேண்டிய மனம் சிதம்பரத்துடையது மட்டுமல்ல. ஏற்கனவே நிலம் வைத்திருக்கும் வடக்கூரானுக்கு இன்னொருவன் துண்டு நிலம் ஏன் உறுத்துகிறது? அவனுக்காக ஆயுதம் தூக்கியவர்களுக்கு அன்றிரவு தூக்கம் எப்படி வந்தது? ஒடுக்கப்பட்டவரின் வலியைப் படித்துக் கண்கலங்குவது எளிது. ஒடுக்குகிறவரின் மனதைப் படித்தால் நம் வீட்டு அடுக்களை வரை போக வேண்டியிருக்கும்.

வாசிப்பு வட்டம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்ன புத்தகம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் எங்கே கூடுகிறோம், யார் வீட்டு டம்ளரில் குடிக்கிறோம் என்று பேசுங்கள். “வேலை இருக்கிறது” என்று நின்றுவிட்டவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்; யார் எதற்காக நின்றார்கள் என்று கேளுங்கள். அடுத்த மாதமும் எங்கள் கூட்டம் காலனியில்தான். நின்றுவிட்ட 2 பேரையும் நேரில் போய்க் கூப்பிட்டிருக்கிறேன். அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.