கடன்காரர் யார்?



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. எங்கள் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில், படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டிக்கு நற்கருணை கொடுக்கப் போயிருந்தேன். திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செபமாலை சொல்ல வந்தவர்கள் என்று நினைத்தேன். அருகில் போனபோதுதான் தெரிந்தது, அவர்கள் கையில் இருந்தது கடன் அட்டை. நடுவில் ஒரு நாற்காலியில் தோள்பையோடு ஓர் இளைஞர். அன்று குழுக்கடன் தவணை நாள்.

அந்த வீட்டு மருமகளிடம் அன்று பணம் இல்லை. கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து மூன்று வாரமாக வீட்டில் இருக்கிறார். அவர் பங்கு வராமல் குழுவின் கணக்கு முடியாது. கணக்கு முடியாமல் யாரும் எழுந்து போக முடியாது. ஒருத்திக்குத் தோட்ட வேலை, இன்னொருத்திக்குப் பள்ளிக்கூடத்தில் சமையல். "உன்னால எங்க எல்லாருக்கும் கேடு" என்றார் எதிர்வீட்டு அக்கா. அவர்தான் அந்த மருமகளின் மூத்த மகனுக்கு ஞானத்தாய். நான் நற்கருணைச் சிமிழை நெஞ்சோடு பிடித்தபடி நின்றேன். "சாமி, நீங்க உள்ள வாங்க. இவங்க இருப்பாங்க" என்றார் அந்தப் பெண், தலை நிமிராமல்.

பாட்டிக்கு நற்கருணை கொடுத்தேன். எல்லாரும் சேர்ந்து ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தைச் சொன்னோம். திண்ணையில் இருந்த பெண்களும் அங்கிருந்தபடியே சொன்னார்கள். மன்னிப்பைக் கேட்கும் அந்த வரி வந்தபோது என் குரல் தடுமாறியது. ஏன் என்று அன்று முழுவதும் சிந்தித்தேன்.

பிணையாக நிற்பது யார்?

இன்று நம் கிராமங்களில் குழுக்கடன் தெரியாத வீடு குறைவு. அரசு 'மகளிர் திட்டம்' வழியாக வளர்த்த சுய உதவிக் குழுக்கள் வேறு, இது வேறு. சுய உதவிக் குழுவில் பெண்கள் முதலில் சேமிக்கிறார்கள், பிறகு கடன் பெறுகிறார்கள். தனியார் நிறுவனங்கள் தரும் நுண்கடனில் சேமிப்பு இல்லை, கடனில்தான் தொடக்கம். நகையும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம். அப்படியானால் பிணை எது? பக்கத்து வீட்டுக்காரிதான் பிணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும்.

இதனால் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கந்துவட்டிக்காரரிடம் கைகட்டி நின்ற பல பெண்கள் இதனால் கறவை மாடு வாங்கினார்கள். தையல் இயந்திரம் வாங்கினார்கள். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினார்கள். வங்காளதேசத்தில் இம்முறையை வளர்த்த முகம்மது யூனுசும் அவருடைய கிராமீன் வங்கியும் 2006-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்றதும் உண்மை. ஆனால் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது கடன் என்று போகும்போது நன்மை நஞ்சாகிறது. 2010-ல் ஆந்திராவில் கடன் நெருக்கடியால் தற்கொலைகள் நிகழ்ந்ததாகச் செய்திகள் வந்து, மாநில அரசே அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. தமிழகத்திலும் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அது அவ்வாண்டே சட்டமானது.

இந்திய ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட நுண்கடன் நெறிமுறைகளை நம் மக்களில் எத்தனை பேர் அறிவார்கள்? குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது. உறவினரைத் துன்புறுத்தக்கூடாது. வசூல், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில் நடக்க வேண்டும்; அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராதவரின் வீட்டுக்குத்தான் போகலாம். கடன் வாங்கியவரின் பெயரை வெளியிட்டு அவமானப்படுத்தக்கூடாது.

வாசலில் நிற்கச் சொன்ன சட்டம்

இந்த அக்கறை நமக்குப் புதிதல்ல. இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையக்கூடாது; அவன் வெளியே நிற்க வேண்டும்; கடன் வாங்கியவனே அதைக் கொண்டுவந்து தர வேண்டும். திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது, ஏனெனில் அது ஒருவனின் பிழைப்பு. ஏழையின் போர்வையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தர வேண்டும், ஏனெனில் அவன் அதைப் போர்த்தித்தான் உறங்குவான். கடனைத் திருப்பிக் கேட்பதை இறைவன் தடுக்கவில்லை. ஏழையின் வாசற்படியை மதிக்கச் சொல்கிறார்.

திருச்சபையும் இதை மறக்கவில்லை. 1462-ல் இத்தாலியின் பெருஜியா நகரில், வட்டிக் கொடுமையிலிருந்து ஏழைகளைக் காக்க, பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் குறைந்த செலவில் அடகுக்கடன் தரும் நிலையம் தொடங்கப்பட்டது. 2025 யூபிலி ஆண்டை அறிவித்தபோது, திருத்தந்தை பிரான்சிஸ் ஏழை நாடுகளின் கடனை மன்னிக்கும்படி செல்வந்த நாடுகளைக் கேட்டுக்கொண்டார். நாடுகளுக்குச் சொன்னது வீடுகளுக்கும் பொருந்தும் அல்லவா?

நாம் செபத்தில் 'பாவங்கள்' என்று சொல்லும் இடத்தில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் (6:12) இருப்பது 'கடன்கள்' என்ற சொல். இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான். நம் தமிழிலும் ஒரு விந்தை உண்டு. கடன் கொடுத்தவரும் கடன்காரர்தான், வாங்கியவரும் கடன்காரர்தான்.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்து உவமையில் வரும் பணியாளர் இந்த இரண்டுமாக இருக்கிறார். அரசருக்கு அவர் தர வேண்டியது பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக, ஆறு கோடி நாள் கூலி! ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் ஆண்டுகள் வேண்டும். அவருக்கு உடன் பணியாளர் தர வேண்டியதோ நூறு தெனாரியம், அதாவது நூறு நாள் கூலி. நூறு நாள் வேலை என்றால் என்ன, அதன் கூலிக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று நம் தாய்மார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது சிறிய தொகை அல்ல. ஆயினும், மன்னிக்கப்பட்ட கடனுக்கு முன் அது ஒன்றுமில்லை. அதற்காக அவர் தன் தோழனின் கழுத்தை நெரித்தார்.

என் கையில் இருந்த பட்டியல்

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வெள்ளிக்கு முந்திய ஞாயிறு, திருப்பலி முடிவில், திருவிழா வரி பாக்கி வைத்திருந்த குடும்பங்களின் பெயர்களை வாசிக்கச் செய்தவன் நான். பட்டியலில் அந்தக் குடும்பமும் இருந்தது. கடன் நிறுவனங்கள் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்ததை, பீடத்துக்கு அருகில் நான் செய்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த இளைஞர் மாத இலக்குக்குப் பயந்து ஓடும் ஒரு தாயின் பிள்ளை. எனக்கு அந்தச் சாக்குப்போக்கும் இல்லை. அடுத்த ஞாயிறு மக்களிடம் மன்னிப்புக் கேட்டேன். பெயர் வாசிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம்.

வாங்கிய கடனைத் திருப்பித் தருவது நம் கடமை, அதில் மாற்றமில்லை. ஆனால் சிலவற்றை நாம் செய்யலாம். அன்பியக் கூட்டங்களில் கடனைப் பற்றி வெட்கப்படாமல் பேசலாம். கையெழுத்துப் போடுமுன் படித்த பிள்ளைகளைக் கொண்டு விதிமுறைகளை வாசிக்கச் சொல்லலாம். புதுநன்மைக்கும் பூப்புனித விழாவுக்கும் கடன் வாங்கிப் பந்தல் போடுவதை நிறுத்தலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் தவணை தவறிய வீடுகளை, காதும் காதும் வைத்தாற்போல், சந்திக்கலாம்.

அன்று அந்தத் தவணை எப்படி முடிந்தது தெரியுமா? நான் வெளியே வந்தபோது, எதிர்வீட்டு அக்கா திட்டிக்கொண்டேதான் இருந்தார். திட்டிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். சட்டப்படி பார்த்தால் அது பிணையாளியின் கடமை. என் கண்ணுக்கோ, அது ஒரு ஞானத்தாயின் கை.

அடுத்த முறை ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தைச் சொல்லும்போது, மன்னிப்பின் வரிக்கு வந்ததும் ஒரு நொடி நிற்போம். நமக்குத் தர வேண்டிய ஒருவரின் முகத்தை நினைப்போம். அவர் வீட்டு வாசலில் நாம் எப்படி நிற்கிறோம் என்று நம்மையே கேட்போம். இறைவனின் வாசலில் நாமும் அப்படித்தானே நிற்கிறோம்!