61-க்கும் 64-க்கும் என்ன வித்தியாசம்?

ரேங்க் லிஸ்ட் வந்துட்டா போதும், நம்மாளுங்க கல்லூரித் தேர்வையே அதுல முடிச்சிடறாங்க. "அது 61, இது 64. 61-லயே சேர்த்துடலாம்." மூணு இடம் முன்னாடின்னா ஃபீஸ் கூடக் கட்டவும் தயார்!

சரி, அந்த எண் எப்படி வருது? மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016-லிருந்து வெளியாகிறது. பொறியியல் கல்லூரிகளுக்கு, கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, தேர்ச்சி, வேலைவாய்ப்புக்கு 20, எல்லாத் தரப்பு மாணவர்களையும் சேர்ப்பதற்கு 10, மற்றவர்கள் மத்தியில் உள்ள பெயருக்கு 10. இதுல ஆசிரியர் எண்ணிக்கை, செலவு, வேலை கிடைச்சவங்க கணக்கு எல்லாம் கல்லூரியே எழுதிக் கொடுப்பது. 'பெயர்' என்பதோ மற்றவர்களின் அபிப்பிராயம். இவ்வளவையும் கலக்கி, கடைசியில் இரண்டு தசமம் வரை துல்லியமா ஒரு மார்க்!

ஒரு பேச்சுக்கு, 'அ' கல்லூரி 48.20, 'ஆ' கல்லூரி 47.90. தகவலில் ஒரு மார்க் முன்னே பின்னே இருக்கலாம்னு வெச்சுக்குங்க. 'அ' 47.20 முதல் 49.20 வரை எங்கேயும் இருக்கலாம், 'ஆ' 46.90 முதல் 48.90 வரை. யார் முன்னாடி? யாருக்குத் தெரியும்!

இதுக்குக் கணக்கில் வழி இல்லாம இல்லை. நிறுவனங்களின் செயல்திறனை ஒப்பிட 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் ஒரு முறை கொண்டு வந்தாங்க. எவ்வளவு போட்டு எவ்வளவு எடுக்கிறாங்க என்பதுதான் அதன் அடிப்படை. தகவல் துல்லியமா இல்லாதபோது என்ன செய்யறதுன்னு 2002-ல் தெஸ்போடிஸ், ஸ்மிர்லிஸ் இருவரும் எழுதினாங்க. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரே எண் தராம, கீழ் எல்லை, மேல் எல்லைன்னு இரண்டு தரணும். அப்புறம் மூணே கூட்டம்: தகவல் எப்படி மாறினாலும் தேறுபவை, சாதகமா இருந்தா மட்டும் தேறுபவை, எப்படிப் பார்த்தாலும் தேறாதவை.

வேடிக்கை என்னன்னா, இதே என்.ஐ.ஆர்.எஃப். பொறியியல் பட்டியலிலேயே நூறுக்கு மேல் போனால் 101-150, 151-200 என்று கூட்டமாத்தான் போடறாங்க. அந்த நேர்மை 61-க்கும் 64-க்கும் ஏன் இல்லை?

முதல் பத்துக்கும் தொண்ணூறுக்கும் வித்தியாசம் கண்டிப்பா இருக்கும். பட்டியலே வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா பக்கத்துப் பக்கத்து எண்ணை நம்பிப் பிள்ளையைச் சேர்க்காதீங்க. இரண்டையும் சமம்னு வெச்சுட்டு ஃபீஸ், தூரம், உங்க பிள்ளைக்குப் பிடிச்ச பாடப்பிரிவு, இதைப் பாருங்க. இதெல்லாம் நீங்களே சரிபார்க்கக்கூடிய தகவல்!