வெளியே வந்தவருக்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

"ஒரு தலித் எப்படி ஆர்.எஸ்.எஸ்.ஸில் இருக்க முடியும்?" பன்வர் மேக்வன்ஷியைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் தோழர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கும் தொனியிலேயே தீர்ப்பும் இருக்கிறது. அவர் எப்படி வெளியே வந்தார், வந்தபின் போக இடம் இருந்ததா என்று கேட்பவர்கள் குறைவு. நமக்கு வேலை இருப்பது அங்கேதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் ஒரு கிராமத்துத் தலித் குடும்பத்துப் பையன். 1987இல், 13 வயதில் ஷாகாவுக்குப் போகிறார். விளையாட்டு, பாட்டு, கதை. பெயரோடு 'ஜி' சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். இங்கே சாதி இல்லை, எல்லோரும் இந்து என்கிறார்கள். ஊருக்குள் ஒதுக்கியே வைக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமா? 13 வயதில் நம்மை அப்படி யாராவது கூப்பிட்டிருந்தால் நம்மில் பாதிப் பேர் போயிருப்போம்.

1990இல் கரசேவைக்குக் கிளம்பிப் போய், கைதாகி, ஆக்ராவில் சிறை வைக்கப்பட்டார். முழுநேரப் பிரச்சாரக் ஆக விரும்பியபோதுதான் சாதி குறுக்கே வந்தது. போகிற இடத்தில் என்ன சாதி என்று கேட்பார்களே என்றார்கள். அதையும் விழுங்கிக்கொண்டு இருந்தார். 1991இல் ஊருக்கு வந்த சங்கத்தாருக்கு அவர் வீட்டில் உணவு சமைத்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிடவில்லை, கட்டிக் கொடுங்கள், போகிற வழியில் சாப்பிடுகிறோம் என்றார்கள். அந்த உணவு சாலையோரம் வீசப்பட்டது என்று பிறகு தெரிந்தது.

மறுநாளே அவர் கொடியை எரித்துவிட்டு நம் பக்கம் ஓடிவரவில்லை. மேலிடத்தில் முறையிட்டார். ஒருவரிடம் பதில் இல்லையென்றால் அவருக்கு மேலே உள்ளவரிடம். இதை அடிமைப் புத்தி என்று சொல்லும் தம்பிகள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நம்பியவர்தான் நியாயம் கேட்பார். நண்பர்கள், மாலை நேரம், பேசும் மொழி, ஏன், யாரை வெறுக்க வேண்டும் என்பதுகூட அவர்கள் கொடுத்தது. அத்தனையையும் ஒரே நாளில் கழற்றிப் போட முடியுமா? எலி மருந்தைத் தின்று சாகப் பார்த்தார், காப்பாற்றினார்கள். வெளியேறுவது என்பது அவருக்கு அவ்வளவு விலையுள்ளதாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. சாதி அவமானம் ஒருவரை வெளியே தள்ளும். முஸ்லிம்கள் மீது ஊட்டப்பட்ட வெறுப்பு அதோடு சேர்ந்து தானாகப் போய்விடாது. அதற்குத் தனியாக ஆள் வேண்டும், பேச்சு வேண்டும், பழக்கம் வேண்டும். இதை நம் படிப்பு வட்டங்கள் கவனிப்பதே இல்லை. அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டுவிட்டால் ஆள் மாறிவிட்டார் என்று நினைக்கிறோம், இல்லையென்றால் பழைய பதிவுகளைத் தோண்டி 'முன்னாள் சங்கி' என்று ஆயுளுக்கும் பெயர் வைக்கிறோம்.

சேரியைத் தாக்கியவனை மன்னித்துக் கட்டிப்பிடிக்கச் சொல்லவில்லை. அது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டியது. வெளியே வந்தவருக்குப் பாவமன்னிப்பு வழங்கும் வேலையை முஸ்லிம் தோழர்கள் தலையில் கட்டவும் கூடாது, அவர்கள் யாரோடு உட்காருவது என்பது அவர்கள் முடிவு. ஆனால் ஷாகாவிலேயே வளர்ந்து, இப்போது தயங்கித் தயங்கிக் கேள்வி கேட்கும் 19 வயதுப் பையனுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? வீட்டில் துரத்தினால் தங்க ஒரு அறை? சாயங்காலம் கூட உட்கார்ந்து டீ குடிக்க நாலு பேர்? பெரும்பாலான ஊர்களில் இந்த இரண்டுமே இல்லை. ஷாகாவில் இரண்டும் உண்டு.

மேக்வன்ஷி தன் கதையை எழுதி இந்தியில் நூலாக வந்தது 2019இல், ஆங்கிலத்தில் 2020இல். சாலையோரத்தில் வீசப்பட்ட அந்த உணவுக்கும் நூலுக்கும் நடுவே ஏறக்குறைய 28 ஆண்டுகள். கல்லூரி வாசகர் வட்டங்கள் அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் யாராவது அதிகம் பேசாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால், நீ எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். அடுத்த வாரமும் வரச் சொல்லுங்கள்.