நாய்க்குத்தான் இனக்குணம்

ஹென்றி லாஸனின் 'தி லோடட் டாக்' கதையைப் பற்றி எழுதுகிறவர்கள் கையில் ஒரு பட்டியலோடு வந்துவிடுகிறார்கள். டேவ் ரீகன் யோசனைக்காரன், ஆண்டி பேஜ் கைவேலைக்காரன், ஜிம் பென்ட்லி சந்தேகப் பிராணி. மூவரும் கூட்டாளிகள். அதிகாரத்துக்கு வணங்காதவர்கள், அதிகம் பேசாதவர்கள், கஷ்டத்திலும் சிரிக்கத் தெரிந்தவர்கள். ஆகவே ஆஸ்திரேலியர்கள், ஆகவே இது ஆஸ்திரேலிய ஆத்மாவைச் சொல்லும் கதை. பரீட்சை விடைத்தாளுக்கு இது போதும். விமர்சனம் என்ற பெயரிலும் இதையே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் ஆட்சேபிக்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு 'ஆகவே'களும் கதையில் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டவை.

கதையில் இருப்பது என்ன? ஸ்டோனி க்ரீக் என்ற ஓடைக்கரையில் மூன்று பேர் தங்கம் தேடிக் குழி வெட்டுகிறார்கள். பாறை பிளக்க வெடிமருந்து வைத்திருக்கிறார்கள். குளிர்காலம், ஓடை மடுவில் மீன்கள் தூண்டிலைக் கடிப்பதில்லை. தோட்டா போட்டால் என்ன என்று டேவுக்குத் தோன்றுகிறது. பாறைக்கு வைப்பதைப்போல மூன்று மடங்கு பெரிய தோட்டா ஒன்றை ஆண்டி துணியும் கயிறும் சுற்றிச் சிரத்தையாகச் செய்துமுடிக்கிறான். அவர்களுடைய நாய் டாமி, கறுப்பு ரிட்ரீவர், அதை விளையாட்டுச் சாமான் என்று எண்ணிக் கவ்விக்கொள்கிறது. தொங்கும் திரி அடுப்பு நெருப்பில் பட்டுப் பற்றிக்கொள்கிறது. நாய் எஜமானர்களை நோக்கி ஓடுகிறது, எஜமானர்கள் நாயிடமிருந்து ஓடுகிறார்கள். ஓட்டம் சாராயக்கடைவரை போகிறது. அங்கே ஒரு மஞ்சள் நாய் டாமியைக் கடித்து விரட்டிவிட்டு, அது போட்டுவிட்டுப் போனது என்னவென்று முகர்ந்து பார்க்கத் திரும்பி வருகிறது. வெடிப்பு. மஞ்சள் நாய் செத்துப்போகிறது.

இதில் 'மேட்ஷிப்' எங்கே இருக்கிறது? கூட்டாளித்தனம் என்று நாம் சொல்லக்கூடிய அந்த ஆஸ்திரேலியச் சொல்லின்மீது ஒரு தேசிய மதமே எழுப்பப்பட்டிருக்கிறது. லாஸன் அதைப் பூஜித்தவர்தான்; வேறு கதைகளில் தாராளமாகவே பூஜித்திருக்கிறார். இந்தக் கதையில் நடப்பது வேறு. டேவ் யோசிப்பான், ஆண்டி செய்வான். காரியம் கெட்டால் பழியும் கேலியும் ஆண்டிக்கு. கூட்டாளித்தனத்தின் உள்ளே நடக்கும் இந்தப் பங்கீட்டைக் கதாசிரியர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். திரி சீறத் தொடங்கியதும் ஜிம் ஓடுகிறான். டேவ் அவன் பின்னால் ஓடுகிறான். என் பின்னால் வராதே என்று ஜிம் கத்துகிறான். அப்படியும் டேவ் விடுவதில்லை. ஏன் ஒருவன் பின் ஒருவன் ஓடினோம் என்பதை அந்த நாயைப்போலவே அவர்களாலும் பிற்பாடு விளக்க முடியவில்லை என்கிறது கதை. விசுவாசமா இது? மந்தை ஓட்டம். ஜிம் ஒரு குழியில் விழுந்து தப்பிக்கிறான். டேவ் சாராயக்கடைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறான். அவனவன் உயிர் அவனவனுக்கு. எல்லாம் முடிந்து, ஆண்டி நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு இறைச்சித் துண்டுகளை மறுபடி வாட்டத் தொடங்கிய பிறகுதான், டேவ் ஜிம்மைக் குழியிலிருந்து தூக்கிவிடப் போகிறான். கூட்டாளித்தனம் பொய் என்று லாஸன் சொல்லவில்லை. திரி எரியும் நேரத்தில் அது எங்கே போயிருந்தது என்று காட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தக் கதையில் இனத்தின் குணம் என்று ஒன்று யாருக்காவது உண்டென்றால் அது டாமிக்குத்தான். கீழே விழுந்ததைக் கவ்விக் கொண்டுவந்து எஜமானிடம் கொடுப்பது ரிட்ரீவரின் குணம், பெயரே அதுதான். அந்தக் குணம் மாறாமல் நடப்பதால்தான் அத்தனை பேர் உயிரும் ஊசலாடுகிறது. மனிதர்களோ நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறார்கள்; யோசனைக்காரன் யோசனை இழக்கிறான், நிதானி நிதானமிழக்கிறான். சிரிப்பு பிறப்பது இந்தக் குலைவிலிருந்துதான். டேவும் ஜிம்மும் இன்ன தேசத்தார், ஆகையால் இன்ன குணத்தார் என்று விளக்குகிற விமர்சகர் அவர்களை ரிட்ரீவர்களாக்கி வாசிக்கிறார். வேடிக்கை என்னவென்றால் கதை முடிகிற இடத்தில் லாஸன் டாமியையே கலப்பினம் என்றுதான் குறிப்பிடுகிறார். நாய்க்குக்கூட அவர் அசல் ஜாதிச் சான்றிதழ் தரவில்லை. நார்வேயிலிருந்து வந்த மாலுமி நீல்ஸ் லார்ஸனின் மகன், லாஸன் என்ற ஆங்கிலப் பெயரில் ஆஸ்திரேலிய தேசிய எழுத்தாளரானார். அசல் என்ற பேச்சை அவர் சற்றுக் கூச்சத்தோடு கையாண்டிருந்தால் ஆச்சரியமில்லை.

அப்படியானால் அந்தப் பிரசித்தி பெற்ற 'புஷ்' மனிதன், சோம்பலாகக் குதிரையில் போகிறவன், மூக்கால் இழுத்து இழுத்துப் பேசுகிறவன், கதையில் இல்லவே இல்லையா? இருக்கிறான். கடைசி வரிகளில் வருகிறான். வருஷக்கணக்காக டேவின் கூடாரத்தைக் கடந்து போகும்போதெல்லாம் மீன்பிடிப்பு எப்படிப் போகிறது என்று இழுத்துக் கேட்டுவிட்டுப் போகிறான். வெடித்த அன்று இத்தகையவர்கள் என்ன செய்தார்கள்? லாயத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டு, சத்தம் வெளியே வராமல் சிரிக்க முயன்று புழுதியில் புரண்டார்கள். தேசிய மாதிரி என்று நமக்குக் காட்டப்படும் உருவம், ஆபத்தில் மறைந்திருந்து பிறகு கதை சொல்லிச் சிரித்தவனின் உருவம். இதைவிடக் கூர்மையாக யாரும் அந்த மாதிரியை விமர்சித்துவிடவில்லை. ஆனால் பட்டியல்காரர்கள் அந்த இழுத்த குரலை மட்டும் பதிவு செய்துகொண்டு மேலே போய்விடுகிறார்கள்.

அவர்கள் கண்ணில் படாத இன்னொரு காட்சி உண்டு. சாராயக்கடை வீட்டில் வெள்ளைக்காரப் பெண்கள் இருவர் வெறி கண்டு அலறுகிறார்கள். கடைக்காரன் மனைவியைப் பிடித்துக்கொண்டு, அடங்காவிட்டால் அடித்துக் கொன்றுவிடுவேன் என்கிற தோரணையில் கெஞ்சுகிறான். கலப்பு இரத்தம் என்று மட்டும் சுட்டப்படும் ஒருவர் குவளையில் தண்ணீரோடு எங்கே போவதென்று தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறார். பெயர் இல்லை. ஆணா பெண்ணா என்றுகூடக் கதை சொல்லவில்லை. ஆனால் அந்த முற்றத்தில் யாருக்காவது உதவ வேண்டும் என்று, குழம்பியாவது, ஓடுகிற ஒரே ஆள் அவர்தான்.

இந்தக் கதை அடங்கிய 'ஜோ வில்ஸனும் கூட்டாளிகளும்' தொகுப்பு வெளிவந்தது 1901இல். லாஸன் அப்போது இங்கிலாந்தில் இருந்தார், வெளியிட்டதும் ப்ரிட்டிஷ் பதிப்பகம்தான். அதே 1901 ஜனவரி 1இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி பிறந்தது. அதன் அரசியல் சட்டத்தின் 127ஆவது பிரிவு, மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்றது. கலப்பு இரத்தக்காரரை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று சட்ட அதிகாரிகள் அபிப்பிராயம் எழுதினார்கள். 1967 வாக்கெடுப்பில்தான் அந்தப் பிரிவு நீங்கியது. அதே 1901இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதிகாரி தேர்ந்தெடுக்கும் ஏதோ ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லச்சொல்ல எழுதும்படி கேட்டு, ஆசியர்களைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்ப வழிசெய்தது. லாஸனை வளர்த்த சிட்னி 'புல்லட்டின்' பத்திரிகை, 'ஆஸ்திரேலியா வெள்ளையனுக்கே' என்று 1908 முதல் அறுபதுகளின் வாசல்வரை தன் தலைப்பின்கீழ் அச்சிட்டு வந்தது. தேசிய அடையாளம் என்ற சொல்லுக்கு அந்நாளில் இருந்த அர்த்தம் இதுதான். இந்த அர்த்தத்தைத் துடைத்துவிட்டு வெறும் நகைச்சுவையையும் தோழமையையும் மிச்சம் வைத்துக்கொள்வது வாசிப்பாகாது, வெள்ளையடிப்பு.

லாஸனைக் காப்பாற்றுவது என் நோக்கமில்லை. வெள்ளை ஆஸ்திரேலியா என்ற கொள்கையில் அவரும் கலந்துகொண்டவர். அந்தக் கடைக்காரனின் மிரட்டலை அவர் சிரிப்புக்காகவே எழுதினார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. அவருடைய தாயார் லூயிஸா லாஸன் 1888 முதல் 1905 வரை, பெண்களையே அச்சுக்கோக்க வைத்து, 'தி டான்' பத்திரிகை நடத்திப் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். குடிகாரப் புருஷனின் அடி பற்றி மகனுக்குத் தெரியாதிருக்க நியாயமில்லை. ஆனால் ஒரு கலைஞனின் கண் அவனுடைய கொள்கையைக் கேட்டுக்கொண்டு பார்ப்பதில்லை. சட்டம் எண்ண மறுத்த, எங்கே எண்ணுவதென்று திண்டாடிய மனிதர்களில் ஒருவரை லாஸனின் கண் அந்த முற்றத்தில் பார்த்துவிட்டது. பார்த்ததைக் கை எழுதிவிட்டது.

ரஸல் வார்ட் 1958இல் 'ஆஸ்திரேலியப் புராணம்' பற்றிய தன் நூலில், நாடோடிப் புஷ் தொழிலாளியிடமிருந்து தேசிய மாதிரி எப்படி உருவாயிற்று என்று ஆராய்ந்தார். அவர் ஜாக்கிரதையானவர், அந்த மாதிரி மிகைப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டே எழுதினார். அவர் பின்னால் வந்தவர்கள் மிகையைக் குணமாக்கினார்கள். 1966இல் 10 டாலர் நோட்டில் லாஸனின் முகம் ஏறியது. ஹம்ஃப்ரி மக்வீன் 1970இல் இந்தப் புராணத்தின் இனவெறியைத் தோலுரித்தார். பெண்களுக்கு இதில் என்ன இடம் என்று கே ஷாஃபர் 1988இல் ஒரு நூலாகவே கேட்டார். இவை வேண்டியிருந்த காரியங்கள். ஆனால் பூஜைக்குப் பதில் விசாரணை வந்ததால் மட்டும் கதை வாசிக்கப்பட்டுவிடாது. ஒரு கட்சி நற்சாட்சிப் பத்திரமாகவும் மறு கட்சி குற்றப் பத்திரிகையாகவும் கதையைக் கையில் வைத்துக்கொண்டால், இரண்டு கைகளிலும் அது ஆவணம்தான்.

சிரிப்பு ஒரு சமூகத்தைக் கட்டுகிறது என்பது உண்மை. யாரை லாயத்துக்குப் பின்னால் சேர்த்துக்கொண்டு, யாரை முற்றத்தில் விட்டு அது கட்டுகிறது என்பதுதான் கேள்வி. லாஸனின் கதை இரண்டு இடங்களையும் காட்டுகிறது. அதன் விமர்சகர்கள் பெரும்பாலும் லாயத்துக்குப் பின்னால் நின்றுகொண்டே எழுதியிருக்கிறார்கள். அடுத்தமுறை இந்தக் கதையை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியனின் குணங்களை எண்ண உட்காருகிறவர்கள், தண்ணீர்க் குவளையோடு ஓடும் அந்த ஆளிலிருந்து எண்ணத் தொடங்கட்டும்.