தலைகீழாகத் தொங்காத காக்கை

மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டுவிட்டு காக்கைத் தொல்லை தாங்காதவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு கறுப்புத் துணியைக் காக்கை மாதிரி சுருட்டி கொம்பில் கட்டித் தொங்க விடுவார்கள். காக்கைகள் தூரத்தில் உட்கார்ந்து ஊரைக் கூட்டிக் கத்துமே தவிர வடாம் பக்கம் வராது. (கொஞ்ச நேரத்துக்காவது!) பாட்டிமார்களுக்குத் தெரிந்த இந்த வித்தையை அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் நகரத்து மரங்களில் வந்து அடையும் காக்கைகளைக் கலைக்க, செத்த காக்கையையோ, செத்தது போலச் செய்த பொம்மையையோ தலைகீழாகத் தொங்க விட்டார்கள். காக்கைகள் இடத்தைக் காலி செய்தன.

அதே அமெரிக்காவில் அதே பொம்மையை நேராக நிறுத்தி வைக்கும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. இவர்களுடைய பிளாஸ்டிக் காக்கை தொங்காது. வயலில் மக்காச்சோளம் பொறுக்குவது போல நிற்கும். மேலே பறக்கிற காக்கையிடம், இங்கே சாப்பாடு இருக்கிறது, ஆபத்து ஒன்றும் இல்லை, இறங்கி வா என்று சொல்லும். இறங்கி வந்தால் சுடுவார்கள். ஏன் சாமி என்று கேட்டால், விவசாயிக்கு உதவி செய்கிறோம் என்பார்கள்.

விவசாயிக்கு உதவுகிறவர் காக்கையை வயலை விட்டுத் துரத்துவாரா, வயலுக்குக் கூப்பிடுவாரா?

சரி, வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். குளிர்காலத்தில் அமெரிக்கக் காக்கைகள் இரவில் பெருங்கூட்டமாக ஓரிடத்தில் அடையும். காலையில் இரை தேடிக் கிளம்பி மாலையில் திரும்பும். தினமும் ஏறக்குறைய ஒரே வழி. வேட்டைக்காரர் தேடுவது இந்த வழியைத்தான், சேதமான வயலை அல்ல. வழியில் உள்ள ஏதோ ஒரு வயலை, பெரும்பாலும் அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிற வயலை, சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு பிடித்துவிடுவார். விடிவதற்கு முன்பே இரண்டு மூன்று டஜன் பொம்மைகள் தரையில் இறங்கிவிடும். வெயிலில் பிளாஸ்டிக் பளபளத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் மேலே வெல்வெட் மாதிரிப் பூச்சு பூசிய பொம்மைகளும் விற்கிறார்கள். ஒன்றிரண்டை மட்டும் மரக்கிளையிலோ வேலிக் கம்பத்திலோ உயரமாக வைப்பார்கள். ஏனென்றால் கூட்டம் மேயும்போது சில காக்கைகள் மேலே காவல் இருக்கும். காவல்காரன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்றால் கீழே பயமில்லை. அந்த நம்பிக்கைக்குத்தான் இந்தப் பொம்மை.

வேட்டைக்காரர் இலை தழை நிற உடையில், முகத்தையும் மூடிக்கொண்டு மரங்களுக்கு நடுவே ஒளிந்திருப்பார். ஷாட்கன் கையில், ரிமோட் பக்கத்தில்.

ரிமோட் எதற்கு என்பதுதான் விஷயமே. வயலில் மறைத்து வைத்திருக்கும் ஸ்பீக்கர், பதிவு செய்த காக்கைச் சத்தத்தைப் போடும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆந்தையையும் நிறுத்துவதுண்டு. அந்த ஊர்ப் பெரிய கொம்பு ஆந்தை இரவில் தூங்குகிற காக்கையைத் தூக்கிப் போகும் எதிரி. அதனால் பகலில் ஓர் ஆந்தை கண்ணில் பட்டுவிட்டால் போதும், காக்கைகள் சத்தம் போட்டு மற்றவர்களைக் கூட்டிவந்து அதைச் சூழ்ந்து விரட்டும். காக்கையும் ஆந்தையும் சண்டை போடும் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டால், சண்டைக்குத் துணை போக வருகிற காக்கை துப்பாக்கிக்கு நேராக வருகிறது. இன்னொரு ரெக்கார்டிங் உண்டு. அடிபட்ட காக்கையின் அலறல். அதைக் கேட்டும் வருவார்கள். முதல் காக்கை விழுந்த பிறகு ஓடிப் போகாமல் விழுந்ததற்கு மேலேயே வட்டம் போட்டுக் கத்துகிறவையும் உண்டு. அடுத்த குண்டு அவற்றுக்கு. விழுந்தவற்றை உடனே எடுக்க வேண்டியதில்லை, தரையில் கிடந்தால் அவையும் பொம்மைகளோடு பொம்மையாகிவிடும் என்பது இந்த விளையாட்டின் அனுபவசாலிகள் சொல்லித் தரும் சிக்கனம்.

தூண்டிலில் மாட்டுகிற மீன் பசியால் மாட்டுகிறது. இந்தக் காக்கை மாட்டுவது பசியால் மட்டுமல்ல. சொந்தக்காரனுக்கு ஆபத்து என்று கேட்டு ஓடி வந்ததால் மாட்டுகிறது. அமெரிக்கக் காக்கைகள் குடும்பமாக வாழ்பவை. வளர்ந்த பிள்ளைகள் சில வருடங்கள் கூட அப்பா அம்மாவோடு தங்கி, அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டி உதவுவதுண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கெவின் மெக்கோவன் பல வருடங்களாக இந்தக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார். சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006ல் ஒரு குகை மனிதன் முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அந்த முகமூடியோடு பிறகு யார் நடந்தாலும் காக்கைகள் சூழ்ந்து திட்டித் தீர்த்தன. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன, வருடக்கணக்கில் மறக்கவும் இல்லை. (வேட்டைக்காரர் முகத்தை மூடிக்கொள்வது நல்லதுதான் போலிருக்கிறது.)

இனி அந்த உதவிக் கணக்கு.

காக்கை பயிரைத் தின்னாதா? தின்னும். வசந்த காலத்தில் மக்காச்சோளம் முளை விடும்போது இளம் நாற்றைப் பிடுங்கி அடியிலிருக்கும் விதையைத் தின்னும். இலையுதிர் காலத்தில் பீக்கன் கொட்டைத் தோப்பில் புகுந்தால் நஷ்டம் நிஜமான நஷ்டம். அதை இல்லையென்று சொல்வது விவசாயியைக் கேலி செய்வதாகும். ஆனால் சோளம் முளைக்கும் அதே ஏப்ரல், மே மாதங்கள்தான் பெரும்பாலான மாநிலங்களில் காக்கை கூடு கட்டும் காலம். கூடு கட்டும் உச்ச காலத்தில் பொழுதுபோக்கு வேட்டை கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. அதாவது, நாற்றுக்குச் சேதம் வருகிற நாட்களில் இந்த உதவியாளர் சட்டப்படியே வயலுக்கு வர முடியாது! அவர் வருவது குளிர்காலத்தில். அப்போது காக்கை தின்கிற சோளத்தில் பெரும்பகுதி அறுவடை இயந்திரம் சிந்திவிட்டுப் போனது. அந்த மணியை விவசாயி தன் வரவில் எழுதப் போவதே இல்லை. வராத வரவுக்கு நஷ்டம் எழுதுவதை பி.காம். முதல் வருடத்தில் கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சேதம் நடக்கும்போது விவசாயி என்ன செய்வார் என்றால், அதற்குத் தனி வழி ஏற்கெனவே இருக்கிறது. பயிரைச் சேதப்படுத்துகிற காக்கைகளைக் கட்டுப்படுத்த அவர் மத்திய அரசிடம் அனுமதிச் சீட்டு வாங்கவே தேவையில்லை. சில நிபந்தனைகள் உண்டு, அவ்வளவுதான். அந்த வழி அவருக்கு. 124 நாள் சீசன் யாருக்கு?

இந்த 124 நாள் கதையும் சுவாரசியமானது. வலசைப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் 1918ல் வந்தது. காக்கை அதற்குள் வந்தது 1972ல்தான், மெக்சிகோவோடு செய்த உடன்படிக்கையைத் திருத்தியபோது. (அதே 1972ல் இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கையை எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் போட்டது. 2022 திருத்தம்தான் அந்தப் பட்டியலையே எடுத்தது. ஆகவே நம்மவர்கள் ரொம்பவும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம்.) பாதுகாப்பு என்று பெயர், ஆனால் மாநிலங்கள் வருடத்துக்கு 124 நாள் வரை வேட்டைக்குத் திறந்து விடலாம். அதே நாட்டில் வாத்து வேட்டைக்குப் போகிறவருக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று கணக்கு உண்டு. ரெக்கார்டிங் போட்டு வாத்தைக் கூப்பிடக் கூடாது. 1991 முதல் ஈயக் குண்டும் கூடாது. காக்கைக்கு? பல மாநிலங்களில் எண்ணிக்கை வரம்பே இல்லை, ரெக்கார்டிங் தாராளமாகப் போடலாம், ஈயமும் பெரும்பாலான இடங்களில் செல்லும். அந்த ஈயச் சிதறல் மண்ணில்தான் கிடக்கும். புறாக்கள் போன்ற பறவைகள் அரவைக்காக விழுங்கும் கல்லோடு அதையும் விழுங்கும். உதவி செய்ய வந்தவர் வயலில் விட்டுப் போகிற சீதனம் அது.

எண்ணிக்கையைக் குறைத்தாலே சேதம் குறையுமே என்பது அடுத்த வாதம். அதையும் பெரிய அளவிலேயே செய்து பார்த்தாயிற்று. ஓக்லஹோமாவில் 1934 முதல் 1945 வரை, காக்கைகள் அடையும் 127 இடங்களில் வெடி வைத்தார்கள். ஏறக்குறைய 38 லட்சம் பறவைகள் செத்தன. பயிர்ச் சேதம் குறைந்ததற்கோ, காக்கை முட்டையைத் தின்கிறது என்று சொல்லப்பட்ட வாத்துகள் பெருகியதற்கோ ஆதாரம் கிடைக்கவில்லை. வெடிகுண்டால் முடியாததை ஒரு சனிக்கிழமைக் காலையில் ஷாட்கன்னோடு வந்த நாலு பேர் முடித்துவிடுவார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள். பிறகு 1999ல் நியூயார்க்கில் வெஸ்ட் நைல் வைரஸ் வந்தது. தொற்றிய காக்கை பிழைப்பது அபூர்வம், சில பகுதிகளில் காக்கைக் கூட்டம் பாதியாகிவிட்டது. அந்த வருடங்களிலும் சீசன் வழக்கம்போல நடந்தது.

வேட்டைக்காரர்களில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். "எங்களுக்கு இது பிடித்திருக்கிறது, காக்கை புத்திசாலி, அதை ஏமாற்றுவதில் ஒரு த்ரில்" என்று நேரடியாகச் சொல்லிவிடுவார்கள். அவர்களோடு வாதம் செய்ய முடியும். காக்கை புத்திசாலி என்று தெரிந்துதான் செய்கிறீர்களா என்று கேட்க முடியும். விவசாயியின் தோளுக்குப் பின்னால் நின்று சுடுகிறவர்களோடுதான் முடியாது. சாப்பிடுவதற்கா என்றால் அதுவும் பெரும்பாலும் இல்லை. படம் எடுக்க வரிசையாக அடுக்குவார்கள், பிறகு குழிக்கோ குப்பைக்கோ போகும்.

நியூயார்க் மாநிலத்தில், காட்டுயிர்களைக் கொன்று பரிசு வாங்கும் போட்டிகளைத் தடை செய்யும் சட்டம் 2023 டிசம்பரில் கையெழுத்தாகி 2024 நவம்பரில் அமலுக்கு வந்தது. மான், கரடி, வான்கோழி போன்றவற்றுக்கு விலக்கு கொடுத்த சட்டம் காக்கைக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அது தடுப்பது போட்டியை மட்டும்தான். பரிசில்லாமல் சுடுவதை அல்ல. அடுத்த படி ஒன்றும் பெரிய புரட்சி இல்லை. வாத்துக்கு இருக்கும் மூன்று விதிகளையும், அதாவது நாள் கணக்கு வரம்பு, ரெக்கார்டிங் தடை, ஈயத் தடை, அப்படியே காக்கைக்கும் எழுதினால் போதும். விவசாயிக்கான தனி வழி அப்படியே இருக்கட்டும். இந்த மூன்றில் எதுவும் பயிரைக் காப்பதற்குக் குறுக்கே வராது. இவற்றை எதிர்த்து யாராவது கிளம்பினால், அவர் எதைக் காப்பாற்றக் கிளம்புகிறார் என்று அந்த வயலின் சொந்தக்காரரே கேட்டுக்கொள்ளலாம். கேட்டுவிட்டு, அவருடைய பொம்மைகளில் இரண்டை வாங்கி, வசந்த காலத்தில் நாற்று முளைக்கிற பக்கம் தலைகீழாகக் கட்டித் தொங்க விடலாம்.