பொலிகர் என்றொரு சொல்

கல்லலுக்கு அருகே அரண்மனை சிறுவயல் இருக்கிறது. 1801-இல் கர்னல் அக்னியூவின் படை அங்கிருந்துதான் காட்டை வெட்டிக் காளையார்கோவிலுக்குப் பாதை போட முயன்று, ஒரு மாதம் திணறிக் கைவிட்டது. அந்தப் போருக்குக் கும்பினியின் படைக் குறிப்புகள் வைத்த பெயர் 'பொலிகர் போர்'. நாமும் அதைப் 'பாளையக்காரர் போர்' என்று திருப்பி மொழிபெயர்த்துப் பாடப்புத்தகங்களில் ஏற்றிவிட்டோம். நம் ஐயம் இங்கேதான் தொடங்குகிறது.

பொலிகர் நம்முடைய பாளையக்காரர்தாம். கன்னடத்தின் 'பாளெயகார', மராத்தியின் 'பாளேகார்' என்ற வடிவங்களும் அதனோடு நெருங்கியவை. பாளையம் என்றால் படை தங்கும் இடம். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குப் 'பாளயமிறங்கினார்கள்' என்ற தொடர் பழகியதே. நாயக்கர் ஆட்சியில் வரி தண்டி, படை வைத்து, காவல் காத்தவரின் பதவிப் பெயர் அது. கும்பினியார் வாயில் அதுவே அடங்காதவன் என்ற தொனியைப் பெற்றது. 1886-இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி, தென்னிந்தியப் பெரிய நாய் இனம் ஒன்றும் அப்பெயரால் வழங்கியதைச் சொல்கிறது. ஆண்டவர் பெயர் நாய்க்குப் போன கதை!

மருது சகோதரர்களோ பாளையக்காரர்கள் அல்லர். சிவகங்கைச் சீமையில் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தாலும் சின்ன மருது வகித்தது பிரதானிப் பதவி. 1801 ஜூனில் திருச்சியில் ஒட்டப்பட்ட அவரது அறிக்கை எல்லாச் சாதியினரையும் நோக்கிப் பேசியது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை சிறுவயலுக்கு வந்து சேர்ந்தார். திண்டுக்கல் கோபால நாயக்கரும் இந்த அணியில் இருந்தார். பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-இல் தம் நூலுக்குத் 'தென்னிந்தியக் கிளர்ச்சி' என்று பெயரிட்டது வெறும் சொல்மாற்றம் அன்று. 'பாளையக்காரர் போர்' என்னும்போது அது சில பதவிக்காரர்களின் தகராறாகச் சுருங்கிவிடுகிறது; காட்டுக்குள் நின்று சண்டையிட்ட குடியானவனுக்கு அந்தப் பெயரில் இடமில்லை. 1799-இல் கட்டபொம்மன் நடத்திய போருக்கு அப்பெயர் பொருந்தும். 1801-க்கு ராஜய்யன் சொல்லே சரி என்பது எங்கள் கருத்து.

மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1803-இல் சிவகங்கைக்கு நிரந்தர நிலவரித் திட்டம் வந்தது. கும்பினி அப்போது கொடுத்த பட்டம் ஜமீன்தார். அந்தச் சொல்லில் நிலம் மட்டுமே உண்டு, படை இல்லை.